வாசலில் எடுத்த அளவு

கேமரன் மலை,
வியாழக்கிழமை இரவு.

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கை விக்கி எழுதுகிறேன். இந்த அகால நேரத்தில் உட்கார்ந்து எழுதுவதற்கு முதலில் என்னை மன்னித்துக்கொள். கையெழுத்து கோணலாக இருந்தால் அதற்கும் சேர்த்து மன்னித்துவிடு. நம் வேலப்பன் அங்கிள் விடியற்காலை நான்கு மணிக்குத் திரிங்காப்பில் முட்டைக்கோஸ் ஏற்றிக்கொண்டு ஜொகூர் இறங்குகிறார். போகிற வழியில் தோட்டத்து முச்சந்தியில் லோரியை நிறுத்தி இந்தக் கடிதத்தை வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கிறார். மூன்று நாளாகப் பகலில் எழுதிப் பார்த்தேன். மூன்று நாளும் "அன்புள்ள அண்ணனுக்கு" என்ற வரியோடு நின்றுவிட்டது. இன்று எழுதாவிட்டால் அடுத்த லோரி வரை எனக்குத் துணிவு இருக்காது.

உனக்குக் கடிதம் எழுதும் நாள் வரும் என்று நான் நினைத்ததே இல்லை. "அண்ணே, வரும்போது ரொட்டி வாங்கிட்டு வா" என்று போனில் ஒரு வரி அனுப்பினால் அரை மணி நேரத்தில் மோட்டார் சத்தம் கேட்கும். ஐந்து மாதமாக உன் நம்பருக்கு அடிக்கிறேன். அந்த மலாய்க்காரப் பெண்ணின் குரல்தான் வருகிறது. அவள் பேசுவது எனக்கு மனப்பாடமாகிவிட்டது.

உன்னைக் கூலாயில் ஒரு காடி கழுவுகிற கடையில் பார்த்ததாக வேலப்பன் அங்கிள் போன வாரம்தான் சொன்னார். "ஆளு பாதியா போயிட்டான்மா. மொதல்ல எனக்கு அடையாளமே தெரியல" என்றார். சாப்பிட்டாயா என்று கேட்டதற்கு நீ சிரித்தாயாம். பக்கத்துப் பட்டறையில் ஆள் தேடுகிறார்களே, நீ ஏன் போகவில்லை என்று கேட்டாராம். "இந்தக் கையால இனி ஒரு போல்ட்டும் முடுக்க மாட்டேன் அங்கிள்" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர்க் குழாயை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாயாம். அதைக் கேட்ட நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அம்மா போன பிறகு நமக்கென்று இருப்பது நாம் இரண்டு பேர்தான். அந்த இரண்டில் ஒன்று அங்கே யாரோ ஒருவருடைய காடிச் சக்கரத்தைத் தேய்த்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைகிறது என்றால் நான் என்ன செய்வேன்.

டிரைலர் இழுப்பதற்கு உன்னிடம் டோ பார் உயரம் ஒன்று கேட்க வேண்டும். அதைக் கேட்பதற்கு முன் ஒன்று சொல்லவும் வேண்டும். சொல்ல வேண்டியதற்கு இன்னும் கை வரவில்லை. முதலில் வீட்டுச் செய்திகளை எழுதுகிறேன், அதற்குள் வரும்.

நம் பாப்பா தாரணி நடக்கிறாள். நீ போகும்போது தவழ்ந்துகொண்டிருந்தாள். மற்றப் பிள்ளைகள் சுவரைப் பிடித்து நடை பழகுவார்கள், இவள் தன் அப்பாவின் சக்கர நாற்காலியைப் பிடித்துப் பழகினாள். கீழே இரண்டு பல், மேலே ஒன்று. பல் வந்த நாளிலிருந்து எல்லாரையும் கடிக்கிறாள், பாட்டியைக் கொஞ்சம் கூடுதலாக. ரோட்டில் எந்த மோட்டார் போனாலும் "மாம்மா" என்று கதவுக்கு ஓடுகிறாள். நான் ஒன்றும் சொல்லிக் கொடுக்கவில்லை.

உன் மச்சான் அப்படியேதான் இருக்கிறார். இடுப்புக்குக் கீழே உணர்வு வரவில்லை. போன மாதம் ஈப்போவுக்குக் கூட்டிக்கொண்டு போனோம். டாக்டர் படத்தைப் பார்த்துவிட்டு, இனி இப்படியே வாழப் பழகிக்கொள்ள வேண்டியதுதான் என்று மலாயில் சொன்னார். அத்தை என் முகத்தைப் பார்த்து என்ன சொன்னார் என்று கேட்டார்கள். கொஞ்ச நாள் ஆகுமாம் என்றேன். அத்தைக்கு மலாய் நன்றாகப் புரியும் அண்ணா. இருந்தும் தலையாட்டிக்கொண்டார்கள். இப்படி ஒன்றை மாற்றிச் சொல்வது எனக்கு எவ்வளவு சுலபமாக வருகிறது என்று அன்றைக்கு லோரிகளுக்கு நடுவே பஸ்ஸில் வரும்போது யோசித்தேன்.

அவருடைய டிராக்டரைப் புதிதாக வந்த பங்களாதேஷ் பையன் ஓட்டுகிறான். காலையில் அது நம் வீட்டு வழியாகப் போகும்போது அவர் கண்ணை மூடிக்கொள்வார். கியர் மாற்றும் இடத்தில் மட்டும் "ரெண்டாவதுக்கு மாத்துடா" என்று வாய்க்குள் சொல்வார். வீட்டை வருஷக் கடைசி வரைக்கும் விட்டுவைப்பதாகத் தோட்டத்து ஆபீஸ் கிராணி சொல்லியிருக்கிறார். அதற்குப் பிறகு எங்கே என்று யாரும் கேட்கவில்லை, நாங்களும் பேசிக்கொள்வதில்லை. நான் மேட்டில் சுற்றுலாக்காரர்கள் வரும் தேயிலைக் கடையில் டீ ஊற்றுகிறேன். ஈப்போவில் சுற்றுலாத் துறை டிப்ளோமா முடித்ததற்கு வேலை சரியாகத்தான் கிடைத்திருக்கிறது என்று நீ இருந்தால் கேலி பண்ணுவாய்.

கடைக்குப் போகிற வழியில்தான் அந்த டிரைலர் கிடக்கிறது. விபத்துக்குப் பிறகு தோட்டத்து டிராக்டர் அதைத் தேயிலைக்குள்ளிருந்து இழுத்து வந்து பெரட்டுக் களத்து மூலையில் விட்டது. காலையில் ஆள் கூப்பிட்டு வேலை பிரிக்கிற அதே இடத்தில். அதன் நிழலில் கொழுந்து பறிக்கும் பெண்கள் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். நீ பக்கவாட்டில் "தாரணி டீ கார்னர்" என்று பெயின்ட் அடித்தாயே, அதில் "தாரணி" மட்டும் நசுங்காமல் இருக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை அதைப் பார்க்க ரிங்லெட்டிலிருந்து ஒருவர் வந்தார். பெயர் கிளாரன்ஸ். நம் வயதுதான் இருக்கும். மனைவிக்கு ஆறு மாதம், இடுப்பில் ஒரு கைக்குழந்தை வேறு. நசுங்கிய தகரத்தையெல்லாம் தானே தட்டி எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். காலை நேரத்தில் நாசி லெமாக் விற்கப் போகிறார்களாம். அந்தப் பெண் உள்ளே ஏறி நின்று, அடுப்பு எங்கே, பாத்திரம் எங்கே என்று கையாலேயே இடம் பிரித்துக்கொண்டிருந்தாள். அண்ணா, நான் அப்படியேதான் நின்றேன் ஒருநாள். அந்த இடத்திலேயே.

அவர்களுக்குக் கொடுப்பதாகச் சொல்லிவிட்டேன். வரும் ஞாயிறுக்கு அடுத்த ஞாயிறு அவர் தன் காடியைக் கொண்டுவந்து இழுத்துப் போவார். போகும்போது திரும்பி, "அக்கா, என் காடியில டோ பார் போடணும். டிரைலர மாட்டுற குண்டு எவ்ளோ ஒசரத்துல வைக்கணும்னு தெரியுமா? ஒங்களுக்குத் தெரிஞ்சிருக்குமே" என்று கேட்டார். அவருக்கு ஒன்றும் தெரியாது, சாதாரணமாகத்தான் கேட்டார். நான் அந்தக் களத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அவர் மனைவி ஓடிவந்து தண்ணீர் கொடுத்தாள்.

இனி எழுதிவிடுகிறேன்.

அந்த வெள்ளிக்கிழமை உனக்கு நினைவிருக்கும். காடி தானா ராத்தாவில் உன் பட்டறையில் இருந்தது. டிரைலர் இங்கே லயத்தில் நம் வீட்டு வாசலில் இருந்தது. மறுநாள் பிரிஞ்சாங் பாசார் மாலாம் ராத்திரிச் சந்தையில் எங்களுக்கு முதல் கடை. நீ காலையில் போனில் கூப்பிட்டு நிதானமாகச் சொன்னாய். "டிரைலர பெரட்டுக் களத்துக்குத் தள்ளிக்கிட்டு போ. நாலு பேரக் கூப்புட்டுக்க. அங்க நிறுத்தி, மொதல்ல டிரைலர் மட்டமா நிக்கிதான்னு பாரு. அப்பறம் காடியில மாட்டுற அதோட மூக்குக்கும் தரைக்கும் எவ்ளோன்னு அளந்து சொல்லு. அந்த ஒசரத்துலதான் நான் காடியில குண்டு வைப்பேன். மூக்கு தூக்கிக்கிட்டா பாரம் பின்னால போயிரும். எறக்கத்துல ஆட ஆரம்பிச்சா காடியையே இழுத்துப் போட்டுரும்." நான் அதைத் தாளில் எழுதிக்கொண்டேன். போதாததற்கு இன்டர்நெட்டிலும் தேடிப் பார்த்தேன். அதிலும் படம் போட்டு முதல் வரியிலேயே சொல்லியிருந்தது, சமதளத்தில் நிறுத்தவும் என்று. அதை நானே உன் மச்சானுக்குத் தமிழில் படித்துக் காட்டினேன். நானேதான்.

அன்றைக்குத் தூறல். பாப்பாவுக்குக் காய்ச்சல், தோளை விட்டு இறங்கவில்லை. களத்தில் எதை நிறுத்துவதென்றாலும் கிராணியிடம் சொல்ல வேண்டும், அவர் டவுனுக்குப் போயிருந்தார். தள்ளுவதற்கு ஆள் கேட்டால் எல்லாரும் காட்டில் வேலையில் இருந்தார்கள். உன் மச்சான் வாசலைக் காலால் தட்டிக் காட்டினார். "இதவிட சமதளம் இந்தத் தோட்டத்துல எங்கலா இருக்கு? கேரம் போர்டு மாதிரி இருக்கு. இங்கயே அளந்து சொல்லிடு" என்றார். எனக்கும் அப்படித்தான் பட்டது. பிறந்ததிலிருந்து அந்த மாதிரி வாசலில்தானே அண்ணா நிற்கிறோம். கோலம் போட்டிருக்கிறோம், பூப்பந்து ஆடியிருக்கிறோம், என் கல்யாணப் பந்தலையே அங்கேதான் போட்டார்கள். சுற்றிலும் மலை செங்குத்தாக நிற்கும்போது நம் வாசல் ஒன்றுதான் படுத்திருக்கிற மாதிரி தெரியும்.

டிரைலருக்குள் ரசமட்டத்தை வைத்தோம். அவர் அடியில் ஜாக்கியைச் சுற்றினார். குமிழி நடுவில் வந்து நின்றது. நான் உன் மஞ்சள் டேப்பைப் பிடித்தேன். அத்தை வாசற்படியிலிருந்து, "படிச்ச மருமவ இரும்புக் கடை வைக்கப் போறா, எல்லாரும் வந்து பாருங்க" என்று சத்தமாகக் கேலி பண்ணினார்கள். பக்கத்து வீட்டில் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஐம்பத்திரண்டு சென்டிமீட்டர்.

நான் போனில் சொன்னதும் நீ, "அம்பத்திரெண்டா? இந்தச் சின்ன டிரைலருக்கு ஒசரமா இருக்கே. பெரட்டுக் களத்துலதானே அளந்தே?" என்று கேட்டாய்.

ஆமாண்ணே, களத்துலதான் என்றேன்.

இதுதான் அண்ணா. இதைச் சொல்லத்தான் மூன்று நாள் ஆயிற்று. நான் களத்துக்குப் போகவே இல்லை. உன்னிடம் பொய் சொன்னேன். இல்லை என்றால் நீ திட்டுவாய், மறுபடி அளக்கச் சொல்வாய், முதல் கடை தள்ளிப்போகும், அவ்வளவுதான் அப்போது என் மனசில் இருந்தது. பெரிய பொய் என்றே தோன்றவில்லை. ரொட்டி வாங்கினாயா என்று கேட்டால் வாங்கிவிட்டேன் என்று சொல்வதுபோல் வாயிலிருந்து வந்துவிட்டது. நீ என்னை நம்பி ஐம்பத்திரண்டிலேயே போல்ட்டை முடுக்கினாய். "ஞாயித்துக்கெழம வந்து ஒரு தடவ பாத்துக்கிறேன், அதுவரைக்கும் வேகமா ஓட்டாதீங்க" என்றும் சொன்னாய். ஞாயிற்றுக்கிழமை வரை எங்கே இருந்தது.

மறுநாளும் பாப்பாவுக்குக் காய்ச்சல் இறங்காததால் நான் போகவில்லை. அவர் மட்டும் போனார். பின்பக்கம் தண்ணீர் டிரம், கேஸ், பாத்திரங்கள். தேயிலை ஸ்டோரைத் தாண்டி மூன்றாவது வளைவில் முன்னால் போன லோரிக்காகப் பிரேக் வைத்திருக்கிறார். அதன் பிறகு நடந்தது உனக்கே தெரியும். நீதான் முதலில் போய்ச் சேர்ந்தாய். அவரைத் தேயிலைச் செடிக்குள்ளிருந்து தூக்கியவர்களில் நீயும் ஒருவன்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அத்தை உன்னைப் பார்த்துக் கத்தினது இன்னும் என் காதில் இருக்கிறது. "ஒன் கையி வெளங்காமப் போவ. எம்மவன எறக்கத்துல தள்ளுறதுக்கு இரும்பு அடிச்சுக் குடுத்தியேடா" என்றார்கள். நீ என் பக்கம் திரும்பினாய். எல்லார் முன்னாலும் ரொம்ப மெதுவாக, "விக்கி, பெரட்டுக் களத்துலதானே அளந்தே?" என்று மறுபடியும் கேட்டாய்.

நான் மறுபடியும் ஆமாம் என்றேன்.

ஏன் சொன்னேன் என்று கேட்பாய். வாசலும் சமம்தானே, களமாக இருந்தால் என்ன வாசலாக இருந்தால் என்ன, அதனால் ஒன்றும் ஆகியிருக்காது என்று உண்மையிலேயே நம்பினேன். வேறு ஏதோ தப்பு, இரும்பில்தான் ஏதோ தப்பு என்று நினைத்தேன். அத்தை என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்பதும் ஒரு காரணம். நீ தலையை ஆட்டி, "அப்ப தப்பு என்னோடதுதான்" என்றாய். படி இறங்கிப் போனாய். அன்றைக்குப் போனவன்தான்.

இப்போது வாசலைப் பற்றிச் சொல்கிறேன். அவரை வீட்டுக்குக் கூட்டி வந்த பிறகு ஒருநாள் நல்ல வெயில் வந்தது. சக்கர நாற்காலியோடு வாசலில் கொண்டுபோய் வைத்தேன். பிரேக் போட மறந்துவிட்டேன். கொடியில் துணி போட்டுக்கொண்டிருந்தபோது ஏதோ தோன்றித் திரும்பினேன். நாற்காலி தானாகப் போய்க்கொண்டிருந்தது அண்ணா. வேகமாக இல்லை. யாரோ பின்னால் நின்று மெதுவாகத் தள்ளுவதுபோல், சத்தமில்லாமல், கால்வாய்ப் பக்கம். அவர் கத்தவில்லை. கையால் சக்கரத்தைப் பிடித்து நிறுத்தவும் இல்லை. தரையைப் பார்த்துக்கொண்டே போனார். கால்வாய்க்கு ஒரு முழம் இருக்கும்போது ஓடிப்போய்ப் பிடித்தேன்.

நான் பிடித்ததும் அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். டிரைலரின் மூக்கு அன்றைக்கு நின்றது அந்தக் கால்வாய்ப் பக்கம்தான். டிரைலர் மட்டமாக நிற்கிறதா என்று பார்த்தோமே தவிர, தரை மட்டமாக இருக்கிறதா என்று பார்க்கவில்லை. தரை அந்தப் பக்கம் தாழ்ந்திருந்ததால் அளவு கூடிவிட்டது. இதெல்லாம் அந்த ஒரு பார்வையில் எனக்கு விளங்கியது. அவருக்கும் விளங்கியது என்று எனக்குத் தெரிந்தது. அன்றிலிருந்து அவரை வாசலில் விடும்போதெல்லாம் சக்கரத்துக்குக் கீழே ஒரு செங்கல் வைக்கிறேன். அவர் அந்தச் செங்கல்லைப் பார்ப்பார். நான் வேறு பக்கம் பார்ப்பேன். இப்படி இரண்டு மாதம்.

அவருக்கும் ஏன் விளங்கியது என்றால், அன்றைக்கு நான் போனில் "ஆமாண்ணே, களத்துலதான்" என்று சொன்னபோது அவர் டிரைலருக்கு அடியில்தான் படுத்திருந்தார். கேட்டார். வெளியே தலையை நீட்டி என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். அதையும் உன்னிடம் சொல்ல வேண்டும். உன்மேல் பழி விழுந்தபோது அவருக்கு நினைவில்லை. நினைவு வந்து எல்லாம் தெரிந்த பிறகு அவரும் சும்மாதான் இருந்தார். அத்தை உன்னைத் திட்டும்போதெல்லாம் இரண்டு பேரும் சுவரைப் பார்ப்போம்.

இன்று சாயந்தரம் அவரிடம் முதல்முறையாக வாய்விட்டுச் சொன்னேன். அண்ணனுக்கு எல்லாவற்றையும் எழுதப் போகிறேன் என்றேன். "எழுதி என்னா ஆவப் போவுது? எங்காலு வந்துருமா?" என்று கேட்டார். வராதுதான் என்றேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் சமையலறையில் உட்கார்ந்து இதை எழுத ஆரம்பித்த பிறகு, ரொம்ப நேரம் கழித்து, திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "அன்னிக்கி நீ போன்ல சொன்னத நான் கேட்டேன்னும் எழுது" என்றார். எழுதிவிட்டேன். தூங்குகிறாரா என்று எட்டிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அத்தையிடம் நாளைக் காலையில் சொல்வேன். அவர்கள் நம்ப மாட்டார்கள், அண்ணனைக் காப்பாற்றப் பார்க்கிறாள் என்பார்கள். நம்பினாலும் எனக்கு இந்த வீட்டில் எப்படி இருக்கும் என்று தெரியவில்லை. அது பரவாயில்லை. இத்தனை நாள் நீ சுமந்தாய்.

இதைச் சொல்லிவிட்டதால் எதுவும் நேராகிவிடும் என்று நான் நினைக்கவில்லை. நீ என்னை மன்னிக்க வேண்டும் என்றும் கேட்கவில்லை, கேட்க எனக்கு வாயில்லை. ஊருக்கு வா என்றும் சொல்ல மாட்டேன். வந்தால் இங்கே எதைப் பார்ப்பாய். உன் கையில் தப்பில்லை என்பது மட்டும் உனக்குத் தெரிய வேண்டும். உன்னிடம் கொடுத்த அளவுதான் தப்பு. அந்த அளவுக்கு உன் வேலை மயிரிழைகூடப் பிசகவில்லை. போலீஸ் ஸ்டேஷனில் காடியைப் பார்த்த ஆள்கூட, எல்லாம் கழன்று போயிருக்கிறது, இந்த டோ பார் மட்டும் அசையவில்லை என்றார். அன்றைக்கு அது எனக்கு உன்மேல் ஒரு குற்றமாகக் கேட்டது.

இனி நான் கேட்க வேண்டியது. நேற்று வேலை முடிந்து வரும்போது டிரைலரை அளந்தேன். அது களத்தில்தானே கிடக்கிறது. அந்தக் காலத்துத் துரை ஆட்களை வரிசையாக நிறுத்துவதற்கென்றே வெட்டி மட்டம் பண்ணிய இடம், உனக்குத் தெரியும். முந்தின நாள் மழைத் தண்ணீர் எந்தப் பக்கமும் ஓடாமல் தட்டில் ஊற்றியதுபோல் நின்றிருந்தது. கொழுந்துக்காரப் பெண்கள் நான்கு பேர் கை கொடுத்தார்கள். வளைந்துபோன மூக்குக் கம்பியைக் கிளாரன்ஸ் அன்றைக்கே மாற்றி வைத்துவிட்டுத்தான் போயிருந்தார், பழையதன் நீளத்துக்கே. உள்ளே அன்றைக்கு ஏற்றிய பாரம் அளவுக்குத் தண்ணீர் டிரம்மும் கல்லும் வைத்தேன். ரசமட்டத்தைத் தரையிலும் வைத்தேன், டிரைலரிலும் வைத்தேன். மூன்று தடவை அளந்தேன். மூன்று தடவையும் நாற்பத்து மூன்று வந்தது. பெண்களில் ஒருத்தி, "எத்தன தடவடீ அளப்ப, அது என்னா வளருதா?" என்று கேட்டாள். யாரும் சிரிக்கவில்லை.

அன்றைக்குச் சொன்னதற்கும் இதற்கும் ஒன்பது சென்டிமீட்டர். என் கைவிரல்களை விரித்தால் அதைவிடக் கூடுதலாக வரும்.

கிளாரன்ஸ் காத்திருக்கிறார். அவர் வேறு பட்டறையில் கேட்கலாம். நானும் தானா ராத்தாவில் யாரையாவது கேட்கலாம். கேட்கப் போவதில்லை. அந்தப் பெண்ணையும் பிள்ளையையும் அந்த மூன்றாவது வளைவில் நினைத்துப் பார்க்கும்போது எனக்கு வேறு யார் சொன்னாலும் நம்பிக்கை வராது. காடியில் ஆட்கள் உட்கார்ந்தால் பின்பக்கம் தாழுமே, அதற்கு எவ்வளவு விட வேண்டும் என்பதும் எனக்குத் தெரியவில்லை. உன்னிடமிருந்து பதில் வரும்வரை டிரைலரைக் கொடுக்க மாட்டேன் என்று அவரிடம் சொல்லிவிட்டேன்.

வேலப்பன் அங்கிள் திங்கட்கிழமை திரும்பி ஏறுவார். நீ வேலை செய்யும் இடத்துக்கு வந்து நிற்பதாகச் சொல்லியிருக்கிறார். தாளும் உறையும் இதோடு வைத்திருக்கிறேன், உன் மஞ்சள் டேப்பும் இருக்கிறது. கோபமாக எழுதினாலும் சரி. என்னைத் தங்கை என்று எழுதாவிட்டாலும் சரி. நாற்பத்து மூன்று சரியா, இல்லையா என்று ஒரே ஒரு வரி உன் கையால் எழுதினால் போதும். நீ அங்கே இருக்கிறாய் என்று எனக்குத் தெரிந்துவிடும்.

நேரத்துக்குச் சாப்பிடு. குளிர்ந்த தண்ணீரில் நாள் முழுக்கக் கையை வைக்காதே, உனக்கு ஆகாது. நீ எங்கே இருந்தாலும் உன் கைக்கு ஒரு கெடுதலும் வரக்கூடாது என்று தினமும் விளக்கேற்றும்போது வேண்டிக்கொள்கிறேன்.

தயவுசெய்து சீக்கிரம் பதில் போடு அண்ணா.

விக்னேஸ்வரி